கமடோர் 64: ஸ்விட்ச்சைப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

பழைய கமடோர் 64 ஒன்று கைக்கு வந்ததும், கூடவே வந்த பவர் சப்ளையைச் செருகி ஸ்விட்ச்சைத் தட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1982-இல் சந்தைக்கு வந்த இந்தக் கணினியின் போர்டு இன்றும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதன் பவர் சப்ளையை நம்பவே கூடாது. எந்த 64-ஐப் பழுது பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது மின்சாரத்தைத்தான். ஐசி, சால்டரிங் எல்லாம் அப்புறம்.

காரணம் இதுதான். அந்தச் சப்ளை 5 வோல்ட் டி.சி., 9 வோல்ட் ஏ.சி. என இரண்டு விதமான மின்சாரம் தருகிறது. 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ரெகுலேட்டரைப் பெரும்பாலான சப்ளைகளில் எபாக்சி என்ற பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். சூடு வெளியேற வழியில்லை. வருடக்கணக்கில் அப்படியே வெந்து, ஒருநாள் ரெகுலேட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அந்த நொடியில் 5 வோல்ட்டுக்குப் பதிலாக அதைவிட அதிகமான வோல்டேஜ் நேராக போர்டுக்குள் பாயும். முதலில் போவது ரேம் சிப்கள். சில சமயம் அதோடு நிற்பதும் இல்லை. இதில் இருக்கும் விக் (படத்தை உருவாக்கும் சிப்), சிட் (ஒலி சிப்) இரண்டையும் கமடோர் நிறுவனத்துக்குச் சொந்தமான எம்.ஓ.எஸ். டெக்னாலஜி தயாரித்தது. கமடோர் 1994-இல் திவாலானது. பாப் யான்ஸ் வடிவமைத்த சிட் சிப்பின் ஒலியைக் கேட்டவர்களுக்கு, அது ஒன்று கருகினால் எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். அசல் சிப் இனி புதிதாக வரப்போவதில்லை.

முதல் படி: பழைய சப்ளையை என்ன செய்வது?

கணினியில் மாட்டாமல், பிளக்கில் மட்டும் மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். டி.சி. பக்கம் 4.75-லிருந்து 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஏ.சி. பக்கம் சுமை இல்லாதபோது 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. 5.25-க்கு மேல் காட்டும் சப்ளை குப்பைக்குத்தான்.

சரியாகக் காட்டினால்? அப்போதும் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ரெகுலேட்டர் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எகிறலாம். இன்று சரியாக இருந்தது நாளைக்கும் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எபாக்சியை உடைத்துச் சரிசெய்யவும் முயல வேண்டாம். உள்ளே வீட்டு மின்சாரம் நேராக வரும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

இந்தக் கணினிக்கென்றே புதிதாகச் செய்து விற்கும் சப்ளை ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜுக்கு ஏற்றதா என்று பாருங்கள். கணினி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது இதற்கு முக்கியமில்லை. பழைய சப்ளையைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், வோல்டேஜ் எகிறியதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் ஒன்றைச் சப்ளைக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டுங்கள். புதிய சப்ளை வாங்கிய பிறகும் நான் அதைக் கழற்றுவதில்லை.

இன்னொன்று. ‘9 வோல்ட்’ என்று எழுதியிருக்கும் சாதாரண அடாப்டரைக் கொண்டு ஒப்பேற்ற முடியாது. அது டி.சி., இங்கே வேண்டியது ஏ.சி.

இரண்டாம் படி: திறப்பது

அடியில் முன்பக்கமாக மூன்று ஸ்க்ரூ. மேல்மூடியை முன்னாலிருந்து தூக்கினால் பின்பக்கக் கொக்கிகளில் சாயும். கீபோர்டு இணைப்பையும் எல்.இ.டி. வயரையும் மெதுவாகக் கழற்றுங்கள். போர்டின் மேல் ஃபாயில் ஒட்டிய அட்டையோ தகரத் தகடோ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வோல்டேஜை சிப்பின் காலில் அளப்பது

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிய சப்ளை, பிளக்கில் 5.1 வோல்ட், எல்லாம் சரி. ஆனால் திரை கறுப்பு. சில நேரம் குப்பை எழுத்துகள், சில நேரம் தானாகவே ரீசெட். இப்படி இருந்தால் ரேம் போய்விட்டது என்றுதான் தோன்றும். சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள்.

பிளக்கில் மீட்டரை வைக்கும்போது மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. கணினி ஓடும்போதோ 5 வோல்ட் பாதையில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் ஓடுகிறது. அந்தப் பாதையில் பவர் சாக்கெட்டும் ஸ்விட்ச்சும் இருக்கின்றன. பல வருடம் கிடந்த ஸ்விட்ச்சின் உட்புறத் தொடுமுனைகள் கறுத்துப் போயிருக்கும். அங்கே அரை ஓம் தடை இருந்தால்கூட அரை வோல்ட் காணாமல் போகும். பிளக்கில் 5.1, ரேமில் 4.6. இந்த வோல்டேஜில் நல்ல சிப்பும் தாறுமாறாகத்தான் நடந்துகொள்ளும்.

அதனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை முதலைக் கிளிப் வைத்து, டி.வி.க்குப் படம் அனுப்பும் ஆர்.எஃப். மாடுலேட்டரின் உலோகப் பெட்டியில் கடித்து விடுங்கள், அது கிரவுண்ட் (வோல்டேஜை அளக்கும் பூஜ்யப் புள்ளி). ஒரு கை விடுதலையானால் சிவப்பு முனை வழுக்கி இரண்டு கால்களைச் சேர்த்துவிடும் ஆபத்து குறையும். போர்டின் இடது கீழ்ப்பகுதியில் வரிசையாக எட்டு ரேம் சிப்கள் இருக்கும், 4164 வகை. அவற்றில் 5 வோல்ட் வருவது 8-ஆம் காலில், கிரவுண்ட் 16-ஆம் காலில். பக்கத்திலிருக்கும் 74 வரிசை லாஜிக் சிப்களில் 16 கால் உள்ளவற்றுக்கு இது நேர் தலைகீழ். அந்தப் பழக்கத்தில் அளந்தால் குழம்பிப்போவீர்கள்.

4.75-க்குக் கீழே காட்டினால், சப்ளையை முழுதாகக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது நாற்பது தடவை மாற்றி மாற்றித் தட்டுங்கள். சாக்கெட்டுக்கும் கொஞ்சம் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி அளங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது பிசுபிசுப்பை விட்டுப்போகும், தூசியைச் சேர்க்கும். அப்படியும் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் ஸ்விட்ச்சையே மாற்றுங்கள், அதிக வேலையில்லை.

நான்காம் படி: 9 வோல்ட் பாதை

எல்.இ.டி. எரிகிறது, திரை கறுப்பு. இதற்கு இன்னொரு எளிய காரணம் உண்டு. எல்.இ.டி.க்கு வருவது 5 வோல்ட் பாதை. பழைய நீள போர்டுகளில் விக் சிப்புக்குத் தேவையான 12 வோல்ட்டும் தனியான 5 வோல்ட்டும் 9 வோல்ட் ஏ.சி.யிலிருந்துதான் உருவாகின்றன. போர்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. அது போனால் விளக்கு எரியும், படம் வராது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மீட்டரில் கன்டினியூட்டி (பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். மாற்றினால் 1.5 ஆம்பியர்தான். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது போர்டாக இருக்கும்.

ஐந்தாம் படி: இன்னும் கறுப்புத்தான் என்றால்

இப்போதுதான் சிப்களைச் சந்தேகிக்க வேண்டும். என் வரிசை: பி.எல்.ஏ. (எந்த சிப் எப்போது பேச வேண்டும் என்று முடிவு செய்யும் சிப்), ரேம், பிறகு மற்றவை. ஸ்விட்ச்சைப் போட்ட சில நொடிகளிலேயே தொட முடியாத அளவுக்குச் சுடும் ரேம் சிப் போனதுதான். பி.எல்.ஏ.யும் விக்கும் இயல்பாகவே சூடாகும், அவற்றை இப்படிப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

பழுதைக் கண்டுபிடிக்க உதவும் ‘டெட் டெஸ்ட்’ கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேம் கெட்டிருந்தால் திரையைப் பளிச்சிடவைத்து, எத்தனையாவது சிப் என்று பளிச்சிடும் எண்ணிக்கையால் காட்டும். நல்ல சிப்பைக் கெட்ட சிப்பின் மேல் ஏற்றி வைத்துப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். அதில் வரும் விடை பாதி நேரம் தவறாக இருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார்ட்ரிட்ஜ் போட்டும் திரையில் அசைவே இல்லையென்றால் முதலில் பி.எல்.ஏ.யை மாற்றிப் பாருங்கள். ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் எழுதி விற்கும் மாற்றுகளைவிட ஜி.ஏ.எல். என்ற லாஜிக் சிப்களில் செய்தவை எனக்குப் பிடிக்கும்.

கெட்ட சிப்பை முழுதாகக் கழற்றப் போராட வேண்டாம். அது போனதுதானே, கால்களை உடம்போடு ஒட்டி வெட்டிவிட்டு ஒவ்வொரு காலாக எடுங்கள். பழைய போர்டின் செம்புத் தடம் சூட்டில் உரிந்து வந்துவிடும், காப்பாற்ற வேண்டியது அதைத்தான். பழைய ஈயம் உருக மறுத்தால் மேலே கொஞ்சம் ஃபிளக்ஸும் (ஈயம் நன்றாக உருகி ஒட்ட உதவும் பசை) புது ஈயமும் வையுங்கள். கிரவுண்ட் கால்கள் மட்டும் எப்போதும் அதிக நேரம் எடுக்கும். எடுத்த இடத்தில் சாக்கெட் போடுங்கள்.

கெபாசிட்டர்களை எல்லாம் முதல் நாளே மாற்றச் சொல்லும் ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை. கமடோரின் பிற்காலக் கணினிகளான அமிகா 600, 1200 போன்றவற்றில் கெபாசிட்டர் ஒழுகி போர்டை அரிக்கும், அங்கே அது அவசரம். 64-இல் அவ்வளவு மோசமில்லை.

எல்லாம் கூடிவந்தால் நீலத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வரும். கீபோர்டை உடனே மாட்டி மூடிவிடாமல், ஒரு மணி நேரம் ஓடவிட்டு 5 வோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவருக்கு போர்டில் எட்டு ரேம் சிப்களே இல்லை, இரண்டுதான் இருந்தன. அது பிற்காலத்துக் குட்டை போர்டு. அதில் யூசர் போர்ட் என்ற பின்பக்க இணைப்பின் 1-ஆம் முனை கிரவுண்ட், 2-ஆம் முனை 5 வோல்ட். அங்கே அளக்கலாம், ஸ்விட்ச்சில் வரும் இழப்பு இங்கும் தெரியும். ஏ.சி.யைப் பார்க்க 10, 11-ஆம் முனைகளுக்கு நடுவில் அளங்கள்.

இன்னொருவருக்குக் கணினி சரியாகி, மறுநாள் ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை. ஜாய்ஸ்டிக் போர்ட்டின் ஊசிகள், ஜாய்ஸ்டிக்கையும் கீபோர்டையும் படிக்கும் சி.ஐ.ஏ. சிப்புக்கு நேராகப் போகின்றன. விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரமே அதைக் கொல்லப் போதும். ஊசிகளைத் தொடாதீர்கள். ஜாய்ஸ்டிக்கோ கார்ட்ரிட்ஜோ, எதைச் செருகினாலும் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.