நெட்வொர்க் கார்டு கோளாறா? நாலு பேர் சேர்ந்து கண்டுபிடிக்கும் வழி

துலாவர்ஷ (ஐப்பசி மழைக்கால) இடிக்குப் பயந்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மோடம் பிளக்கைப் பிடுங்கி வைப்பது வழக்கம். போன ஐப்பசியில் என் சர்வர் வாரத்துக்கு இரண்டு தடவை நெட்டைத் தொலைத்தது. கடைக்காரச் சேட்டன், "இடியில் கார்டு போயி, புதுசு வாங்கு" என்றார். அதே மாடல் வாங்கினேன். பத்தே நாளில் பழைய கதை. அப்புறம்தான் ஆள் சேர்த்தேன்.

லினக்ஸ் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் கேபிள். எத்டூலில் (கார்டின் நிலையைக் காட்டும், மாற்றும் கட்டளை) வேகம் 100 எம்பிபிஎஸ் என்று வந்தால் கார்டைத் திட்டாதீர்கள். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டு போதும். ஏதாவது ஒரு ஜோடியை எலி கடித்திருக்கும். சிஆர்சி பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த பாக்கெட் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனாலும் முதலில் கிரிம்ப்பை (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடம்) பாருங்கள்.

அடுத்து ஐபெர்ஃப்3, இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே வேகத்தை அளக்கும் புரோகிராம். ஸ்பீட் டெஸ்ட் தளங்கள் இதற்கு உதவாது, அவை கனெக்‌ஷனைத்தான் அளக்கும். வீட்டுக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே, இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். நல்ல ஜிகாபிட் கார்டு 940 எம்பிபிஎஸ் பக்கம் நிற்கும். எனக்கு உள்ளே வரும்போது 940, வெளியே போகும்போது இருபதாவது நிமிடம் கப்சிப். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் 'டிரான்ஸ்மிட் கியூ டைம்டு அவுட்' என்று ஒரு வரி: அனுப்ப வேண்டியது வரிசையிலேயே நின்றுவிட்டது.

இனி ஆள். அதே சிப் வைத்திருந்த மூவர் சிக்கினார்கள்: வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி. எல்லாருக்கும் ஒரே பட்டியல்: எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் சிப் எண், ரிவிஷன், மதர்போர்டு, கர்னல், டிரைவர், எத்தனை நிமிடத்தில் விழுந்தது. வெறுமனே "எனக்கும் அப்படித்தான்" என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சந்தேகம் டிஎஸ்ஓ மேல். வெளியே அனுப்பும் பெரிய டேட்டாவைப் பாக்கெட்டாக நறுக்கும் வேலையைக் கார்டிடம் தள்ளிவிடும் வசதி அது. எத்டூலில் சின்ன கே போட்டால் நிலையைக் காட்டும், பெரிய கே போட்டால்தான் மாற்றும்.

நான் சறுக்கியது இங்கேதான். டிஎஸ்ஓவை அணைத்ததும் வேலந்தாவளத்தில் சரியானது, பொள்ளாச்சியில் ஆகவில்லை. மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் பொள்ளாச்சித் தம்பி கார்டு விழுந்தபின் ரீபூட் மட்டும் செய்திருக்கிறார். ஷட்டவுன் செய்தாலும் பின்னால் அந்தப் பச்சை விளக்கு எரிகிறதே, அது கார்டுக்கு இன்னும் கரண்ட் போகிறது என்பதற்கு அடையாளம். கரண்ட் அறாததால் விழுந்த கார்டு ரீபூட்டில் எழவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, விளக்கு அணைந்தபின் அரை நிமிடம் விட்டுவிட்டுச் சோதியுங்கள்.

2013-இல் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் இன்டெல் 82574எல் சிப்பில் கண்டதும் இப்படித்தான். பாக்கெட்டில் 1151 பைட் தள்ளி ஒரு குறிப்பிட்ட மதிப்பு இருந்தால் கார்டு செத்துவிடும், ரீபூட்டுக்கு மசியாது. ஒரு மதர்போர்டுத் தயாரிப்பாளர் ஈஈப்ராமை (கார்டின் அமைப்புகளைச் சேமிக்கும் மெமரி) தவறாக எழுதியதே காரணம் என்றது இன்டெல். என் பட்டியலில் மதர்போர்டு இருப்பது அதனால்தான்.

மறுபடி சோதித்தபோது நாலு பேருக்கும் ஒரே விடை: டிஎஸ்ஓ இருந்தால் விழுகிறது, அணைத்தால் விடிய விடிய ஓடுகிறது. கோபாலபுரத்துக்காரர் லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓட்டிப் பார்த்தார். அங்கும் விழுந்தது. டிரைவர் வேறு, கோளாறு ஒன்று. அப்போதுதான் சிப் மேல் கைகாட்டினேன்.

பின்சேர்க்கை: ரீபூட் ஆனதும் டிஎஸ்ஓ திரும்ப வந்துவிடுகிறது என்று இருவர் எழுதினார்கள். ஆமாம், அணைக்கும் கட்டளையை ஸ்டார்ட்டப்பில் போட்டு வையுங்கள். லேப்டாப்காரர்கள் பிளக்கோடு பேட்டரியையும் கழற்ற வேண்டும்.