ஃப்ரீயா விட்ட டூல காசுக்கு குடுக்கிறது எப்படி, ஹட்டன்ல இருந்து

டேட்டாபேஸ் மாத்தங்கள ஓடவிட முன்னாடி பிழை பாக்குற சின்ன டூல் ஒன்ன இலங்கையில, மலையகத்து ஹட்டன்ல வீட்டுல இருந்தே எழுதி ஃப்ரீயா விட்டிருந்தேன், இப்ப அதுக்கு கம்பெனிங்க வருஷ சந்தா கட்டுறாங்க. தோட்டத்து பக்கம் கோடிங் பண்ற தம்பி தங்கச்சிமார் எப்படின்னு கேக்குறதால எழுதுறேன்.

மொதல்ல லைசென்ஸ், அதாவது உங்க கோட மத்தவங்க எப்படி பாவிக்கலாம்னு சொல்ற அனுமதி. முழுக்க நீங்க எழுதினதுன்னா வேற லைசென்ஸ்லயும் விக்கலாம். எம்ஐடின்னா (கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் விடுற லைசென்ஸ்) மத்தவங்க எழுதின பகுதியையும் அவங்க காப்பிரைட் குறிப்போட சேர்த்து விக்கலாம், ஆனா ஜிபிஎல்ல (மாத்தி வெளியிட்டாலும் அதே லைசென்ஸ்ல தான் குடுக்கணும்ங்கிறது) வெளியாள் கோட் அனுப்பியிருந்தா, வேற லைசென்ஸ்ல விக்க ஒவ்வொருத்தர்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கணும். வேலை செய்ற எடத்துல எழுதினதுன்னா கோட் யாருக்கு சொந்தம்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வாசிச்சிட்டு தொடங்குங்க.

ஃப்ரீயா குடுத்தத திருப்பி எடுக்காதீங்க, தயவு செஞ்சு. 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப் கம்பெனி, சர்வர் அமைக்கிற அவங்க டெராஃபார்ம் டூலோட லைசென்ஸ இறுக்கமா மாத்தினாங்க, பழைய கோட வச்சே ஓப்பன்டோஃபுன்னு ஒரு போட்டி டூல் வந்துருச்சு, 2024ல ரெடிஸ் டேட்டாபேஸ் லைசென்ஸ மாத்தினதும் அதே மாதிரி வால்கீ வந்துச்சு. சைட்கிக் (ரூபி மொழியில பின்னணி வேலைகள ஓட்டுற டூல்) செய்ற மாதிரி அடிப்படைய ஃப்ரீயா வச்சிட்டு பெரிய கம்பெனிக்கு தேவையானத மட்டும் தனியா விக்கிறது எனக்கு சரின்னு படுது.

ஆனா கம்பெனிங்க உண்மையில காசு குடுக்குறது சப்போர்ட்டுக்கு, ராத்திரி ஏதாவது ஒடஞ்சா பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கணும்னு தான். அதனால ஒரே பக்கத்துல எழுதி வைங்க, எந்தெந்த வெர்ஷனுக்கு, எத்தன மணிக்குள்ள, எந்த நாள்ல. பதில் குடுக்கிறது வேற, சரி பண்ணி குடுக்கிறது வேற, பதிலுக்கு மட்டும் நேரம் சொல்லுங்க. நான் மொதல்ல 4 மணித்தியாலம்னு எழுதிட்டேன், ஜூலை மாசம் காத்து மழையில மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்டும் இல்ல சிக்னலும் இல்ல, ஒரு கஸ்டமர் அப்படியே காத்துக்கிட்டு இருந்தாரு, அது இன்னமும் மனசுல இருக்கு. இப்ப ஒரு வேலை நாள்னு மாத்திட்டேன், கரண்ட் போனாலும் ஓட ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ், வேற கம்பெனி சிம் ஒன்னு, அதோட பண்டாரவளையில ஒரு கூட்டாளிக்கு டூல படிப்பிச்சு வச்சிருக்கேன். நம்ம பக்கம் தென்மேற்கு பருவ மழை கொட்டுறப்ப பண்டாரவளை இருக்கிற ஊவா பக்கம் பெரும்பாலும் காய்ஞ்சு கெடக்கும், அங்க பெருமழை வருஷக் கடைசியில தான், அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாட்டுறது குறைவு. அமெரிக்கா கிழக்கு பக்கம் காலை 9 மணின்னா நமக்கு மாலை 6.30, அவங்க குளிர்காலத்துல 7.30, அதையும் கணக்குல எடுங்க.

காசு விஷயம். நான் தொடங்கினப்ப, ஆன்லைன்ல காசு வாங்குற ஸ்ட்ரைப்ல இங்க கணக்கு திறக்க முடியல, பேபால்ல காசு வாங்கவும் முடியல. பிரதேச செயலகத்துல வியாபார பேர் பதிஞ்சு, அந்த பேர்ல பேங்க்ல டாலர் கணக்கு திறந்து, இன்வாய்ஸ் அனுப்பினேன். மாசா மாசம் வேணாம், கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு இன்வாய்ஸ், அவங்களுக்கும் அது தான் லேசு.

மொத கஸ்டமர வெளிய தேடாதீங்க. உங்க டூல்ல பிழை சொல்லி எழுதினவங்கள்ல கம்பெனி ஈமெயில் வச்சிருக்கிறவங்க யாருன்னு பாருங்க, அவங்க சொன்ன பிழைய மொதல்ல சரி பண்ணி அனுப்புங்க, அதே கடிதத்துல அந்த சப்போர்ட் பக்கத்தையும் விலையையும் வச்சு விடுங்க. எனக்கு மொத சந்தா அப்படி தான் வந்துச்சு.