காபியா, காபியையா?

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த முதல் வருடம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த்யு', 'த லா' என்ற இரண்டு குட்டிச் சொற்களும் என் உயிரை வாங்கின. 'கொஞ்சம்' என்று அர்த்தம் வைத்துக்கொள் என்றார்கள். வைத்துக்கொண்டேன். லியோனில் நண்பர் வீட்டுச் சாப்பாட்டில் 'த்யு பூலே' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'அன் பூலே' என்று கேட்டுவிட்டேன். முழுக் கோழி! மேசையே சிரித்தது.

வழி கிடைத்தது தமிழில்தான். 'காபி குடித்தேன்' என்கிறோம், 'காபியைக் குடித்தேன்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் எந்தக் காபி, எவ்வளவு என்ற பேச்சே இல்லை. அது 'த்யு கஃபே'. இரண்டாவது, மேசைமேல் இருந்த அந்தக் காபி. அது 'ல கஃபே'. வாயைத் திறக்குமுன் மனதுக்குள் தமிழில் சொல்லி, 'ஐ' வருகிறதா என்று பார்ப்பேன். பாதித் தப்பு போய்விட்டது. பிரெஞ்சில் பொருள்களின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு: ஆண்பாலுக்கு 'த்யு', பெண்பாலுக்கு 'த லா'. உயிரொலியில் தொடங்கும் சொல்லென்றால் பால் பார்க்க வேண்டாம்: தண்ணீர் 'த லோ'.

ஆனால் பிடிக்கும் என்று சொல்லப்போனால் இந்த வித்தை காலை வாரும். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதில் 'ஐ' கிடையாது. பிரெஞ்சில் 'ழெம் ல கஃபே'தான். காபி என்ற வகையையே சொல்கிறோம் அல்லவா.

அப்புறம், 'இல்லை' வந்தால் வெறும் 'த': 'பா த கஃபே'. அளவு சொன்னாலும் அப்படியே: 'போகூ த சுக்ர்', நிறையச் சர்க்கரை. 'கொஞ்சம்' கணக்கில் போனால் இது 'நிறையக் கொஞ்சம் சர்க்கரை' ஆகியிருக்கும்.

'இது டீ இல்லை' என்பதில் மட்டும் 'த்யு' அப்படியே நிற்கும்: 'ச நே பா த்யு தே'. இதில் இன்னும் தடுக்கி விழுகிறேன்.