ஆளில்லா நேரத்தில் ஓடும் பிரஷர் பம்ப்: கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

யாரும் குழாயைத் திறக்காத நேரத்திலும் பிரஷர் பம்ப் ஓடி ஓடி நிற்கிறதென்றால், லைனில் எங்கோ அழுத்தம் இறங்குகிறது. மூணாறு, தேவிகுளம், கூடலூர் பக்கம் வெந்நீர் இல்லாமல் மார்கழியைக் கடத்த முடியாது. அதனால் சோலார் வாட்டர் ஹீட்டர், கீசர், பிரஷர் பம்ப் மூன்றையும் ஒன்றோடொன்று கோர்த்திருப்பார்கள். அழுத்தம் வெளியேறவும் அத்தனை வழி உண்டு. டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எடுத்த எடுப்பில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவருக்குள் இருக்கும் பைப்பைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிடுங்கள். 24 லிட்டர் பிரஷர் டேங்க் (பம்ப்பை ஒட்டி, தண்ணீரைக் காற்றழுத்தத்தில் தேக்கி வைக்கும் தொட்டி), 1.5 கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) ஓடத் தொடங்கி 3 கிலோவில் நிற்கும் செட்டிங் என்றால், பம்ப் நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை டேங்கிலிருந்து ஏறத்தாழ 8 லிட்டர் வெளியேறும். ராத்திரி 40 நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் மணிக்கு 12 லிட்டர் வீணாகிறது. டேங்கில் காற்று சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, டேங்கின் காற்று வால்வில் டயர் கேஜை வையுங்கள். 1.3 கிலோ இருக்க வேண்டும், அதாவது பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 குறைவாக. குறைந்திருந்தால் சைக்கிள் பம்பாலேயே ஏற்றிவிடலாம். வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. டேங்க் அப்படியிருந்தால், வீட்டில் ஒரு குழாய் சொட்டினால்கூட பம்ப் அடிக்கடி ஓடும். பெரிய கசிவு என்று பயந்து சுவரை உடைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, பம்பின் அவுட்லெட் பால் வால்வைத் தாண்டி, வீட்டுப் பக்கத்தில் ஒரு அரை இஞ்ச் டீ (T வடிவ இணைப்பு) போட்டு 0 முதல் 7 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். பம்ப் 3 கிலோவில் நின்றதும் கரண்டை அணைத்து அந்த பால் வால்வை மூடுங்கள். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வீட்டு லைனில் குறையில்லை; தண்ணீர் பம்பின் என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) வழியாக மேல்டேங்குக்கே திரும்பிப் போகிறது. ஓடையிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கும் மலை வீடுகளில் இது சகஜம். மணலோ இலைத் துணுக்கோ என்.ஆர்.வி.யின் சீட்டில் சிக்கிக்கொள்ளும். கழற்றிக் கழுவினால் போதும். சீட்டில் கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பம்புக்கு முன்னால் ஒரு ஒய் ஸ்ட்ரெய்னரும் (தூசி பிடிக்கும் வடிகட்டி) போட்டுவிடுவது நல்லது.

முள் இறங்கினால் கசிவு வீட்டுப் பக்கம்தான். இனி ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே போக வேண்டும். ஃப்ளஷ் டேங்குகளின் ஆங்கிள் காக்கை (சுவரோரம் இருக்கும் சிறு வால்வு) முதலில் மூடுங்கள். முள் நின்றுவிட்டால் கசிவு அங்கேதான். எந்த டேங்க் என்று தெரிய, கொஞ்சம் கேசரி பவுடரைக் கரைத்து ஃப்ளஷ் டேங்கில் ஊற்றி 20 நிமிடம் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பரை மாற்ற வேண்டும்.

பிறகு சோலாரிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். அதுவரை இறங்கிய முள் இப்போது நின்றுவிட்டால், கசிவே இல்லாமல் அழுத்தம் போகும் வழி அகப்பட்டுவிட்டது. பல வீடுகளில் பிரஷர் பம்ப் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும்தான். சோலார் தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கி வரும். ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் அரை கிலோகூட இருக்காது. இரண்டும் மிக்சரில் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) சந்திக்கின்றன. ஹேண்ட் ஷவரின் கைப்பிடியில் மட்டும் தண்ணீரை நிறுத்திவிட்டு மிக்சரைத் திறந்தபடியே விட்டால், பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறி சோலார் டேங்க் வரை போய், காற்றுக் குழாய் வழியாக மாடியில் கொட்டும், அல்லது மேல்டேங்குக்கே திரும்பிவிடும். மிக்சருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். மோட்டார் போடாமலே மேல்டேங்க் நிரம்பி வழிவது, காலையில் வெந்நீர் வழக்கத்தைவிட ஆறிப்போய் வருவது, இரண்டும் இதற்கு அடையாளம். மிக்சரை மூடும் பழக்கமும், வெந்நீர் லைனில் சூடு தாங்கும் பித்தளை என்.ஆர்.வி. ஒன்றும் போதும். சாதாரண சோலார் டேங்க் அழுத்தம் தாங்காது என்பதால் அதன் காற்றுக் குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

கீசரின் சேஃப்டி வால்வு சூடேறும்போது சொட்டுவது இயல்பு. 25 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் 400 மில்லிக்குச் சற்றுக் குறைவாக விரியும். ஆறிய பிறகும் சொட்டினால்தான் வால்வில் கோளாறு.

இத்தனையும் பார்த்த பிறகும் முள் இறங்கினால் சுவருக்குள் தேடலாம். மிக்சர்களையும் ஆங்கிள் காக்குகளையும் கழற்றி அரை இஞ்ச் எண்ட் பிளக் போடுங்கள். சோலார், கீசர், பிரஷர் டேங்க் மூன்றையும் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) லைனின் காற்றை முழுக்க வெளியேற்றி, கை டெஸ்ட் பம்பால் 6 கிலோ ஏற்றுங்கள். முதல் கால் மணி நேரத்தில் பைப் சற்று விரிவதால் முள் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் கவனியுங்கள். பைப்பில் வெந்நீர் நிற்கக்கூடாது. அது ஆற ஆற முள் தானாக இறங்கி, இல்லாத கசிவைக் காட்டும். பச்சைத் தண்ணீர் லைனையும் வெந்நீர் லைனையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஆறிய நிலையில் முள் நின்று, சூடானால் மட்டும் கசியும் லைனும் உண்டு. 3 மீட்டர் சி.பி.வி.சி. பைப் 40 டிகிரி சூடேறினால் 7, 8 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாமல் சிமெண்டில் இறுகியிருந்தால் அந்த அழுத்தம் முழுக்க எல்போவில் (பைப் திரும்பும் வளைவு இணைப்பு) விழும். மிக்சருக்குப் பின்னாலிருக்கும் பித்தளை மரை எல்போதான் முதலில் விரிசல் விடும் இடம். டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

கசியும் வெந்நீர் லைனைச் சூடு காட்டிக்கொடுக்கும். 10 நிமிடம் வெந்நீரை ஓடவிட்டு மூடிவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சுவரையும் தரையையும் ஒரு சாண் இடைவெளியில் அளந்துகொண்டே வாருங்கள். பைப் போகும் தடம் மெல்லிய கோடாகத் தெரியும். கசியும் இடத்தில் அது அகன்று கீழே பரவியிருக்கும். பச்சைத் தண்ணீர் லைனுக்குக் காதுதான் கருவி: ஊர் அடங்கிய பின், 3 கிலோ அழுத்தத்தில், மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை ஒவ்வொரு குழாய் மரையிலும் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் எங்கே கூடுதலோ அந்தப் பக்கம் நெருங்குகிறீர்கள். ஈரத் திட்டை மட்டும் நம்பி உளியை வைக்க வேண்டாம். வெட்டுக்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி வேறு எங்கோ காட்டும். பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடிக்குள் பைப்பை ஒட்டியே ஓடி அடுத்த அறையிலும் எட்டிப்பார்க்கும். தென்மேற்குப் பருவமழையின்போது சாரலால் ஊறிய சுவரும் இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதற்கு கேஜ் முள் இறங்காது.

இடம் தெரிந்ததும் ஒரே ஒரு டைலை எடுத்தால் போதும். பழுதான எல்போவை இருபுறமும் பைப்போடு வெட்டி எடுத்து, புது எல்போவும் பைப்பை இணைக்கும் கப்ளரும் போடுங்கள். பைப் முனை உள்ளும் புறமும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சி.பி.வி.சி.க்கு உரிய சால்வென்டைத்தான் பூச வேண்டும், பி.வி.சி. பசை வெந்நீரில் விட்டுவிடும். மலைக் குளிரில் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் 24 மணி நேரம் விட்டு, மறுபடி 6 கிலோ ஏற்றிப் பார்த்து, ஒரு நாள் வெந்நீரும் ஓடவிட்ட பிறகே சிமெண்ட் பூசுங்கள். பூசும் முன் எல்போவைச் சுற்றி ஃபோம் உறை போட்டால், பைப் நீள இடம் கிடைக்கும்.