கீழே கிடந்த மூன்று காசு: கணினியில் ஒரு தல்மூத் வகுப்பைத் தயார் செய்வது எப்படி?

யூத நூல்களை இணையம் வழியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் ஆதியாகமத்தின் முதல் வசனத்தைத் திறந்தேன். அதைச் சொடுக்கினால் பக்கத்தில் உரைகள் வரிசையாக வரும். வந்தன. ராஷி, ராம்பன், இப்னு எஸ்ரா என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டே போனேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் மட்டும், "லிங்க்கை அனுப்பிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்கிறோம்" என்றார். யாரும் பார்க்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. எதைத் திறக்காமல் விடுவது என்பதில்தான் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்பு ஒன்றை முதலிலிருந்து தயார் செய்து காட்டுகிறேன். எபிரேயம் தெரியாவிட்டாலும் செய்யலாம்; எனக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

படி 1: சின்னதாக ஒரு பகுதியை எடுங்கள்

மிஷ்னா என்பது ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு. அதை வைத்துப் பின்வந்தவர்கள் நடத்திய விவாதம் கெமரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். பாபிலோனியத் தல்மூத் மட்டும் 2,711 ஏடுகள். நாளுக்கு ஓர் ஏடு என்று உலகம் முழுக்க ஒரே ஏட்டைப் படிக்கும் 'தஃப் யோமி' பழக்கம் 1923இல் தொடங்கியது. அந்தக் கணக்கில் ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டு ஆகும். நமக்கு ஒரு மணி நேரம்தான், ஆகவே ஒரே ஒரு மிஷ்னா (தொகுப்பின் ஒரு பத்திக்கும் இதே பெயர்தான்) போதும்.

நான் எடுப்பது மிஷ்னாவில் உள்ள 'பாவா மெட்சியா' என்ற நூலின் இரண்டாம் அத்தியாயம். வழியில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பது விஷயம். யெஷிவாக்களில், அதாவது யூத மதப் பாடசாலைகளில், தல்மூதுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பலகாலமாக முதலில் கொடுக்கும் அத்தியாயங்களில் இது ஒன்று. கொஞ்சம் படித்தாலே ஏன் என்று புரிந்துவிடும். சிதறிக் கிடக்கும் விளைபொருளும் காசும் எடுத்தவருக்கே சொந்தம். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று காசு இருந்தால் ஊரறியச் சொல்லி உரியவரைத் தேட வேண்டும். கடை ரொட்டி கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் சுட்ட ரொட்டி என்றால் அறிவிக்க வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வி ஒன்றே வகுப்பில் கால் மணி நேரத்துக்குக் காணும்.

படி 2: செஃபாரியாவில் திறந்து, பார்வையைச் சரிசெய்யுங்கள்

செஃபாரியா ஓர் இலவச இணைய நூலகம். எழுத்தாளர் ஜோஷுவா ஃபோயரும் கூகுளில் வேலை பார்த்த பிரெட் லாக்ஸ்பைசரும் 2011இல் தொடங்கியது. லாப நோக்கமற்றது. கைபேசிச் செயலியும் உண்டு. ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

தேடுபெட்டியில் ஆங்கிலத்தில் 'மிஷ்னா பாவா மெட்சியா 2:1' (Mishnah Bava Metzia 2:1) என்று தட்டுங்கள். 'மிஷ்னா' என்ற சொல்லை விட்டுவிட்டால் தல்மூத் பக்கத்துக்குப் போய்விடும், புதியவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். தல்மூதுக்குக் கணக்கு வேறு: 21ஏ என்றால் 21ஆம் ஏட்டின் முன்பக்கம், 21பி என்றால் பின்பக்கம். அநேகமாக எல்லா நூலிலும் ஏட்டெண் 2இல்தான் தொடங்கும். முதல் ஏட்டைக் காணோமே என்று பதற வேண்டாம், அது தலைப்புப் பக்கம்.

பக்கம் திறந்ததும் எழுத்து அமைப்புகளுக்கான குறியைச் சொடுக்கி, மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து தெரியும்படி வையுங்கள். எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் உயிர்க்குறிகளையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் இதைக் கவனியுங்கள். தல்மூத் பக்கங்களில் தளம் முதலில் காட்டும் ஆங்கில மொழிபெயர்ப்பு, ரபி ஆதின் ஸ்டைன்சால்ட்ஸின் பணியிலிருந்து வந்தது. 2017இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதில் தடித்த எழுத்து, மெல்லிய எழுத்து என்று இரண்டு இருக்கும். தடித்தது மூலத்தில் உள்ள சொல், மெல்லியது புரிவதற்காகச் சேர்த்த விளக்கம். முதல் வாசிப்பில் தடித்ததை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். 21ஏயில் கெமரா கேட்கிறது: "எவ்வளவு?" பதில்: "ரபி யிட்ஸ்ஹாக் சொன்னார்: நான்கு முழத்தில் ஒரு காவ்." அவ்வளவுதான். எது எவ்வளவு, எதற்கு நான்கு முழம் என்று மூலம் சொல்லவே இல்லை. (உங்களுக்கு மட்டும்: விளைபொருள் எவ்வளவு இடத்தில் எவ்வளவு கிடந்தால் 'சிதறியது' என்பதுதான் கேள்வி.) காவ் என்பது ஒரு முகத்தலளவை என்று மட்டும் நீங்கள் சொல்லிவிட்டு, மீதியை அவர்களே ஊகிக்க விடுங்கள். மெல்லிய எழுத்தை முதலிலேயே படித்துவிட்டால் ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது.

படி 3: ஒரு சொல், ஓர் உரை, அதற்கு மேல் வேண்டாம்

எபிரேய, அராமைக் மூலத்தில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் பக்கப் பலகையில் அகராதி திறக்கும். தல்மூதுச் சொற்களுக்கு ஜாஸ்ட்ரோ அகராதிதான் கைகொடுக்கும். 1903இல் முடிந்த பழைய அகராதி, இன்றும் ஓடுகிறது. இந்தப் பாடத்துக்கு வேண்டிய சொல் 'யேயூஷ்': பொருளைத் தொலைத்தவர் நம்பிக்கையை விட்டுவிடுவது. தமிழில் சொன்னால் "போனது போகட்டும்" என்று அவர் வாயில் வரும் அந்த நொடி. அடையாளம் இல்லாத பொருள் என்றால் அவர் அப்படித்தான் சொல்வார் என்பது கணக்கு. கடை ரொட்டி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வீட்டு ரொட்டியைச் சுட்டவருக்கு அடையாளம் தெரியும். மூன்று காசு தானாக விழுந்து அடுக்காக நிற்காது, யாரோ வைத்தது.

உரை என்று வந்தால் ராஷி ஒருவர் போதும். 1040 முதல் 1105 வரை பிரான்சில் வாழ்ந்தவர், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் பேசுவார். பரிமேலழகர் பாணி என்று சொன்னால் உடனே பிடிபடும். பக்கப் பலகையில் இன்னும் எத்தனையோ பெயர்கள் கூப்பிடும். போகாதீர்கள். தோரா (வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) வசனங்களுக்குப் பல உரைகளை அருகருகே வைத்துப் பார்க்க ஆசை வந்தால் அல்ஹத்தோரா தளம் நன்றாக இருக்கும், ஆனால் அது ஆசிரியர் வீட்டில் பார்ப்பதற்கு.

படி 4: பழைய பக்கத்தை ஒரு நிமிடம் காட்டுங்கள்

திரையில் வரிவரியாகப் படிப்பவருக்கு அச்சுப் பக்கத்தின் முகம் தெரியாமலே போய்விடும். ஹீப்ரூபுக்ஸ் தளத்தில் 21ஏ பக்கத்தை அப்படியே பார்க்கலாம்: நடுவில் மூலம், தைப்பு இருக்கும் பக்கம் ராஷி, வெளிப்பக்கம் தோசஃபோத் என்ற பிற்கால உரை. டேனியல் பாம்பெர்க் 1520களின் தொடக்கத்தில் வெனிஸில் அச்சிட்டதிலிருந்து வரும் அமைப்பு. இன்னும் ஒரு படி பின்னே போக வேண்டுமானால், 1342இல் எழுதப்பட்ட மியூனிக் கையெழுத்துப் பிரதியைப் பவேரிய அரசு நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பாபிலோனியத் தல்மூத் ஏறத்தாழ முழுவதையும் கொண்ட, கைக்குக் கிடைத்த ஒரே கையெழுத்துப் பிரதி அது. எல்லாம் ஒரே தொகுதியில், எறும்பு எழுத்தில். காட்டிவிட்டு மூடிவிடுங்கள்.

படி 5: பாடத்தாள் தயாரியுங்கள்

செஃபாரியாவில் கணக்குக்குள் போய்ப் புதிய பாடத்தாள் ஒன்றைத் தொடங்குங்கள். மேற்கோள் எண்ணைத் தட்டினால் மூலமும் மொழிபெயர்ப்பும் தாமாக வந்து உட்காரும். இடையிடையே உங்கள் கேள்விகளைத் தமிழிலேயே தட்டலாம். என் தாளின் வரிசை இது: முதலில் உபாகமம் 22:1-3, அதாவது சகோதரனின் மாடும் வஸ்திரமும் வழிதப்பிக் கிடந்தால் காணாதவன்போல் இருக்காதே என்ற வசனம். அடுத்து மிஷ்னா 2:1இலும் 2:2இலும் பாதிப் பாதி. கடைசியில் "நான்கு முழத்தில் ஒரு காவ்". தமிழ் மொழிபெயர்ப்பை நானே எழுதிச் சேர்த்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் எதையாவது வெட்டுவேன்.

மூலத்தை நகலெடுத்துக் கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ ஒட்டினால் வாக்கியப் புள்ளி தவறான ஓரத்தில் போய் உட்காரும், எண்கள் இடம் மாறும். அந்தப் பத்தியின் திசையை வலமிருந்து இடம் என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். வேறெங்கிருந்தோ எடுத்த எபிரேய வரிக்கு உயிர்க்குறி இல்லையென்றால் இஸ்ரேலின் டிக்டா அமைப்பு தரும் 'நக்தான்' கருவி தானாகப் போட்டுத் தரும். ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். இதே மிஷ்னாவுக்கு ராஷி என்ன சொல்கிறார் என்று ஒரு கருவியிடம் கேட்டேன். ஏட்டெண்ணோடு அழகாக ஒரு பதில் வந்தது. அந்த ஏட்டைத் திறந்து பார்த்தால் ராஷி வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். கேள்விகள் யோசிக்கப் பயன்படுத்துங்கள். மேற்கோள் என்றால் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் தாளில் ஏற்ற வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். சட்டப்படி வாழும் யூதர்களின் வகுப்பு என்றால் சப்பாத்தில், அதாவது வார ஓய்வுநாளில், திரை கிடையாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன்பே அச்சிட்டு வைத்துவிட வேண்டும். கடவுளின் எபிரேயப் பெயர் அச்சாகியிருக்கும் தாளைக் குப்பையில் போட மாட்டார்கள். சேர்த்துவைத்து 'கெனிசா'வில் (பழைய புனித ஏடுகளை வைக்கும் இடம்) வைப்பார்கள் அல்லது புதைப்பார்கள். நம் தாளில் அந்தப் பெயர் வரவில்லை. வேறு பாடம் எடுக்கும்போது நினைவிருக்கட்டும்.

படி 6: வகுப்பு

இருவர் இருவராகப் பிரித்துவிடுங்கள். 'ஹவ்ரூத்தா' என்று இதற்குப் பெயர்: ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் மறுத்துக் கேட்பார். ஜூமில் சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பன்னிரண்டு நிமிடம் கொடுங்கள். நீங்கள் எந்த அறைக்குள்ளும் நுழைந்து பாடம் நடத்த வேண்டாம். திரும்பி வந்ததும் கேமராவுக்கு முன்னால் மூன்று காசை அடுக்கி வைத்து, "இது யாருடையது?" என்று கேளுங்கள். பிறகு ஒன்றைத் தட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். சத்தம் தானாக வரும்.

நேரம் மிச்சமிருந்தால் 21ஏயில் இன்னும் சில வரி கீழே போங்கள். ரபி யிர்மியா கேட்கிறார்: இரண்டு முழத்தில் அரைக் காவ் என்றால்? எட்டு முழத்தில் இரண்டு காவ் என்றால்? எள்ளாக இருந்தால்? பேரீச்சம்பழம், மாதுளை என்றால்? ஒன்றுக்கும் முடிவான பதில் இல்லை. 'தேய்கூ', அதாவது "நிற்கட்டும்" என்று விட்டுவிடுகிறது கெமரா. இன்றைய எபிரேயத்தில் கால்பந்து ஆட்டம் சமனில் முடிந்தாலும் இதே சொல்தான்.

இந்த யிர்மியா இன்னோர் இடத்திலும் வருகிறார். புறாக்கூண்டிலிருந்து ஐம்பது முழத்துக்குள் கிடக்கும் புறாக்குஞ்சு கூண்டுக்காரருக்கு, அதைத் தாண்டினால் எடுத்தவருக்கு என்பது மிஷ்னா. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருந்தால் என்று கேட்டார். அதற்காக அவரைப் படிப்பு மண்டபத்தை விட்டே வெளியேற்றிவிட்டார்கள். பாவா பாத்ரா 23பி. திரும்பச் சேர்த்துக்கொண்ட கதை அதே நூலில் 165பியில் இருக்கிறது. அடுத்த வகுப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.