சீமைக் கருவேலத்தை அகற்றும்போது எங்கே தவறுகிறோம்?

கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கினால் ஒரு வாரத்தில் சீமைக் கருவேலம் மொத்தமும் சாய்ந்துவிடும். ஆனால் அடுத்த ஐப்பசி மழை முடிந்து போய்ப் பாருங்கள், முன்னைவிட நெருக்கமாகப் புதர் மண்டிக் கிடக்கும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் பல ஊர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. ஊர்ப்பணம் செலவானதுதான் மிச்சம். மரத்தின் மேல் கோபம் இருக்கிறது, உழைப்பும் குறைவில்லை. அதன் இயல்பைப் புரிந்துகொள்வதில்தான் குறை.

முதல் தவறு தரையோடு வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. இந்த மரத்தின் தூரில், அதாவது வேரோடு ஒட்டிய அடிக்கட்டையில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தண்டு போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தளிர்கள் வரும். ஆழத்தில் இறங்கிய வேர் ஏற்கெனவே இருப்பதால் அந்தத் தளிர்களுக்குத் தண்ணீர்க் கவலையே இல்லை. ஆகவே தூரைத் தோண்டி எடுக்காத வேலை, அகற்றும் வேலையே அல்ல. அது கவாத்து.

இங்கேதான் ஏல முறையின் ஓட்டை தெரிகிறது. கண்மாய் மரத்தை ஏலம் எடுப்பவருக்கு வேண்டியது விறகும் கரியும். விலைபோகும் கட்டையை வெட்டிக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போவார். நான்கைந்து ஆண்டில் மறுபடி வெட்டலாம் என்றால் தூரைத் தோண்ட அவருக்கு என்ன அவசியம்? தூர் எடுத்தால்தான் கணக்கு முடியும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும். அதே நேரம், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது இந்த மரம்தான். அவர்களை எதிரியாக்கும் எந்தத் திட்டமும் ஊருக்குள் நிலைக்காது. தூர் தோண்டும் கூலியும் பிந்தைய பராமரிப்பு வேலையும் முதலில் அவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது விதை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பினார்கள். அதன் பிறகு பரப்பும் வேலையைக் கால்நடைகள் எடுத்துக்கொண்டன. நெற்று இனிக்கும், கோடையில் வேறு தீவனமும் இருக்காது. ஆடும் மாடும் தின்ற நெற்றின் விதைகளில் ஒரு பகுதி சாணத்தோடும் புழுக்கையோடும் முளைக்கும் திறன் கெடாமல் வெளியே வரும். உரத்துக்காகக் கிடை போட்ட நிலத்தில் கன்றுகள் முளைப்பது இப்படித்தான். உழுகிற நிலத்தில் அவை தப்பாது. தரிசாகப் போட்ட நிலம் சில ஆண்டில் காடாகிவிடும். நெற்று முற்றிக் கிடக்கும் பருவத்தில் மரத்தை வெட்டி இழுத்து, ஊரெல்லாம் லாரியில் ஏற்றிப் போவது விதைப்பதற்குச் சமம். காய்க்கும் முன் வெட்டுங்கள். மேய்ப்பவரைத் தடுக்க முடியாது. ஆனால் நெற்றைப் பொறுக்கி விதையோடு சேர்த்து அரைத்துத் தீவனமாக்கினால் விதையும் சாகும், ஆடும் பசியாறும். கென்யாவின் பரிங்கோ ஏரிப் பகுதியில் இதே மரம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியபோது, இனிப்பு நெற்றைத் தின்று பல்லிழந்த ஆட்டையே மக்கள் நைரோபி நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கொண்டுபோனார்கள்.

வதந்தியை நம்பி வேலை செய்வதும் கெடுதல்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும், நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையான கேடே போதுமான அளவு இருக்கிறது: புல்லையும் நாட்டுச் செடிகளையும் முளைக்கவிடாது, மேய்ச்சல் நிலத்தை அடைக்கும், வரத்துக் கால்வாயை மறிக்கும், கண்மாயின் கொள்ளளவைக் குறைக்கும். பீதியில் வெட்டுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்தில் நாட்டு மரங்களும் சேர்ந்து சாய்கின்றன.

பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலத்துக்குப் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலை போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர், காய் தட்டையானது. வெள்வேலுக்குப் பட்டை வெளுத்திருக்கும், உடை மரம் குடை விரித்து நிற்கும். கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அதிகம் ஏமாற்றும். அதுவும் சீமைக் கருவேலத்தின் உறவு, அதற்கும் பூ கதிர்தான். சந்தேகம் இருந்தால் ஊர்ப் பெரியவரிடம் காட்டிவிட்டு வெட்டுங்கள்.

பறவைகள் கூடு கட்டும் கண்மாய்களில் இன்னும் நிதானம் வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற இடங்களில் நாரைகளும் கொக்குகளும் நாட்டுக் கருவேலத்திலும் சீமைக் கருவேலத்திலும்தான் குஞ்சு பொரிக்கின்றன. கூட்டுக்கு மாற்று மரம் வளராத இடத்தில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அகற்றினால் பறவை வேறு எங்கே போகும்? குஞ்சுகள் பறந்து போனபின், பகுதி பகுதியாகச் செய்யலாம்.

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது எழுந்த வேகத்தில் பெரும்பாலும் விடுபட்டது ஒன்றுதான்: வெறும் மண்ணை என்ன செய்வது? 2022-இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கையின் பெயரிலேயே அயல் தாவரத்தோடு சூழல் மீட்பும் இருக்கிறது. வெயில் படும் வெற்று நிலம் சீமைக் கருவேலத்துக்கு மிகப் பிடித்த இடம். கரையில் பனை, புங்கன், நாட்டுக் கருவேலம். மேய்ச்சல் நிலத்தில் புல். சீக்கிரம் வளர்கிறது என்பதற்காக வேறொரு அயல் மரத்தை நடாதீர்கள். அழகுக்காக நட்ட மஞ்சள் கொன்றையை முதுமலைக் காட்டிலிருந்து இப்போது பெரும்பாடுபட்டு வெட்டி எடுக்கிறார்கள்.

அயல் உயிரினங்களால் 2019-இல் உலகுக்கு ஆன செலவு 42,300 கோடி டாலருக்கு மேல் என்று, பல்லுயிர் நிலையை ஆராயும் பன்னாட்டு அமைப்பான ஐ.பி.பி.இ.எஸ். 2023-இல் மதிப்பிட்டது. அதில் கட்டுப்படுத்துவதற்குச் செலவானது 8 விழுக்காடுதான். நம் ஊர்க் கணக்கில் அந்தச் சிறு தொகையும் முதல் ஆண்டு பொக்லைன் வாடகையிலேயே தீர்ந்துவிடுகிறது. பணத்தில் ஒரு பங்கை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கென்று எடுத்துவையுங்கள். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது சாண் உயரக் கன்றைக் கையாலேயே வேரோடு பிடுங்கலாம், அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் இதைச் சேர்த்துக் கேட்கலாம். ஓராண்டு தவறவிட்டால் அதே கன்றுக்கு மண்வெட்டி வேண்டும், இன்னும் சில ஆண்டு போனால் மறுபடி பொக்லைன்.