கச்சேரிக்குப் போன இடத்தில் பம்பாய் பார்ப்பது எப்படி

பாடகர் என்றால் யாராவது ரசிகர் காரோடு வந்து ஊரைச் சுற்றிக் காட்டிவிடுவார். வயலின்காரருக்கும் அந்தக் காரில் ஓர் இடம் இருக்கும். மிருதங்கக்காரன் பெரும்பாலும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முறை பம்பாய் வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். தங்கும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஜன்னலோரமும் வேண்டாம், ஏசிக்கு நேர் கீழேயும் வேண்டாம். இந்த ஊர்க் கடற்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏசி போட்ட அரங்கத்துக்குள் போனதும் காய்ந்து ஏறத் தொடங்கும். வீட்டில் சேர்த்த சுருதியை நம்பிக் கிளம்பினால் மேடையில் பாதி நேரம் சுருதி சேர்க்கும் கல்லும் கையுமாகத்தான் இருப்பீர்கள். அதனால் கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரங்கத்தில் இருங்கள். அன்றைக்கு அரங்கத்தை ஒட்டிய மாட்டுங்கா பகுதியைத் தாண்டாதீர்கள். தூரத்து இடங்களெல்லாம் மறுநாளைக்கு.

மாட்டுங்கா கிழக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். காலையில் ஸ்டேஷன் பக்கம் நடந்து பாருங்கள். பூக்கடை, வாழையிலை, முருங்கைக்காய், கோயில் மணி எல்லாம் இருக்கிறது. பூ கட்டுகிறவர் தலை நிமிராமலே "எந்த ஊருண்ணே?" என்பார். ஸ்டேஷனையும் ஒரு பார்வை பாருங்கள். 2017லிருந்து அங்கே டிக்கெட் கொடுப்பது முதல் எல்லா வேலையையும் பெண்களே பார்க்கிறார்கள். பக்கத்திலேயே மாடியில் ராமா நாயக் ஓட்டலின் இலைச் சாப்பாடு, 1942லிருந்து நடக்கிறது. கச்சேரி அன்று மதியம் அங்கே போக வேண்டாம். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம் வாசிக்க முடியாது. நான் தங்கும் வீட்டு மாமி பாலக்காட்டுக்காரர். கச்சேரி நாளில் தயிர் சாதத்துக்கு மேல் எதுவும் போட மாட்டார், அவரே சரி.

சாயங்காலம் சீக்கிரம் போகிறீர்கள் அல்லவா, கச்சேரி நடக்கும் சண்முகானந்தா அரங்கத்தையே சுற்றிப் பாருங்கள். அதை நடத்தும் சபா 1952ல் தொடங்கியது. 1990ல் தீ விபத்தில் அரங்கம் எரிந்து, பிறகு திரும்பக் கட்டினார்கள். இருக்கைகள் இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேல். மாடியில் கடைசி வரிசைக்கு ஏறிப்போய் உட்கார்ந்து, மேடையில் யாரையாவது தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தை, தட்டச் சொல்லிக் கேளுங்கள். மைக் பார்ப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

மறுநாள் எலிபெண்டா தீவுக் குகைகள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள், மற்றதை விட்டுவிடலாம். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. ஞாயிறு கச்சேரி முடித்து மறுநாள் கிளம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் நம்மில் நிறைய. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். கேட்வேயைப் படகுக்குக் காத்திருக்கும்போதே பார்த்துவிடலாம். ஜார்ஜ் மன்னர் 1911ல் வந்து இறங்கியதற்காகத் திட்டமிட்ட வளைவு, கட்டி முடிந்தது 1924ல். 1948ல் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு கப்பலேறப் போனதும் அதன் வழியாகத்தான்.

தீவில் இறங்கியதும் நிறையப் படிகள், இரு புறமும் கடைகள். கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்கு பறித்துவிடும். பெரிய குகைக்குள் எல்லோரும் நேரே மூன்று முகச் சிவனிடம் ஓடுவார்கள். நீங்கள் வாசலிலேயே நில்லுங்கள். ஒரு பக்கம் யோகத்தில் உட்கார்ந்த சிவன், எதிரே ஆடும் சிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய வேலை. ஆடும் சிவனுக்குக் கைகள் பல உடைந்துபோய்விட்டன, காலும் இல்லை. ஆனால் இடுப்பு திரும்பியிருக்கிற விதத்தைப் பார்த்தால் எந்த இடத்தில் தாளம் விழுகிறது என்று சொல்லிவிடலாம். நம் ஊர் வெண்கல நடராஜரைச் சுற்றியிருக்கும் திருவாசி இங்கே கிடையாது, காலடியில் கிடக்கும் முயலகனைத் தேடவும் வேண்டாம். பரதத்துக்கு வாசிக்கிறவர்கள் அங்கே அரை மணியாவது இருக்க வேண்டும். அதன் பிறகு உள்ளே போங்கள். மூன்று முகச் சிலை இருபது அடி உயரம் இருக்கும். இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் முகங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும்.

போக்குவரத்து பற்றி. ஆட்டோ சயானுக்குத் தெற்கே வராது, மாட்டுங்காவில் நின்று கை காட்டிப் பயனில்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸி உண்டு, ஆனால் லோக்கல் ரயில்தான் வேகம். காலை எட்டிலிருந்து பத்தரை வரை தெற்கே போகும் வண்டியிலும், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வடக்கே போகும் வண்டியிலும் ஏறாதீர்கள். நான் சொல்வது விரலுக்காக. கூட்டத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி மோதிர விரல் பிசகினால் அடுத்த வாரக் கச்சேரி போச்சு. அப்படியே ஏற நேர்ந்தால் இடது கையால் பிடியுங்கள், வாசலில் நிற்காதீர்கள்.

தீவிலிருந்து திரும்ப மாலையாகிவிடும், அந்த நேரம் ரயில் கூட்டம். எட்டு எட்டரை வரை மரீன் டிரைவ் சுவரில் உட்கார்ந்திருங்கள். பிறகு சிஎஸ்எம்டிக்கு, அதாவது பழைய விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனுக்கு, டாக்ஸி பிடித்து, எதிர்ப்புற நடைபாதையில் நின்று அந்தக் கட்டடத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வண்டி அங்கேதான் புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கும். பலகையில் 'ஸ்லோ' என்று போட்டிருப்பதில் ஏறுங்கள். 'ஃபாஸ்ட்' வண்டி மாட்டுங்காவில் நிற்காது. தப்பி ஏறிவிட்டால் தாதரில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். இறங்கியதும் ராமா நாயக் திறந்திருந்தால் இப்போது தாராளமாகச் சாப்பிடலாம்.